என்ஜின் ஓடும்போது மட்டும்

அத்தியாயம் 17

கண்ணாடிக்காரரைப் போன வாரம் அச்சகத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். மனுஷன் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றே வீடு திரும்பிவிட்டார். இரவு சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, காலையில் கடை சாவியைக் கையில் எடுத்துவிட்டு மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. இவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவர் மனைவி அச்சகத்தில் மடிப்பு மெஷின் பகுதிக்குப் பொறுப்பாளர். கொஞ்ச காலமாகவே வீட்டில் அவளைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டால் பதில் இல்லை, வந்தாலும் வாய்க்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு. "எனக்குக் காது சரியா கேக்கலைங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உண்மைதானா என்று பார்த்துவிடலாமே என்று சொல்லாமல் கொள்ளாமல் இவர் அச்சகத்துக்குப் போய் நின்றார்.

அங்கே என்ன நடந்தது? பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத இரைச்சல். அதற்கு நடுவில், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, பசை தீந்துபோச்சு" என்று குரல் கொடுத்தாள். அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேல் தட்டுல இருக்கு பாரு, எடுத்துக்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் வந்த வழியே வாசலுக்கு வந்து நின்றார். அப்படியானால் வீட்டில் இத்தனை நாளும் நடந்தது என்ன?

காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடிக்கறே" என்றார்.

அவள் திரும்பவில்லை. கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மாமியார்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"உன்னைத்தான். நடிச்சது போதும்."

அப்போதும் இல்லை. அவர் எட்டிப்போய்த் தோளைத் தொட்டதும் அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கையில் இருந்த கிண்ணம் தொட்டியில் விழுந்தது.

"எப்ப வந்தீங்க?"

"நேத்து உங்க பிரஸ்ஸுக்கு வந்தேன். நீ பேசினதைப் பார்த்தேன். அந்த இரைச்சல்ல, பின்னாடி இருந்து பேசறது கேக்குது. இங்க, இந்த அமைதியில, நான் சொல்றது மட்டும் கேக்கலையா?"

அவர் சொன்னது உண்மை. அச்சகத்தில் அவளுக்குக் கேட்கிறது. அங்கே ஒருத்தர்கூட அவளிடம் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னதில்லை. இதை அவளே இதுவரை சேர்த்து வைத்து யோசித்ததில்லை. இப்போது யோசித்ததும் அவளுக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை நான்தான் கேட்காமல் விடுகிறேனா? நான் அப்படிப்பட்டவளா?

"எனக்குத் தெரியலைங்க" என்றாள் வாய்க்குள்ளேயே.

"காது கேக்காதவங்க ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க. உன் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு அவள் அம்மா எழுந்து வந்தார். டீச்சரம்மாவை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பெயரைக் கூப்பிட்டு 'உள்ளேன்' என்று பதில் வராவிட்டால், ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஆப்சென்ட் போடக்கூடியவர். கட்டின கணவருக்கும் அதைத்தான் செய்தார். மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்தவர், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை கேக்கறதுல என்ன தப்பு? அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு உனக்கு" என்றார். "அந்த மனுஷனும் இப்படித்தான். வெளியில எல்லார்கிட்டயும் சிரிப்பு. வீட்டுக்குள்ள வந்தா கல்லு."

மகளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டினார். "கிளம்பு. காது டாக்டர்கிட்ட போவோம். அங்க மெஷின் இருக்கு, அது பொய் சொல்லாது. ஒண்ணும் இல்லைன்னு வந்துதுன்னா நான் கடை மாடியிலேயே இருந்துக்கறேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"போலாம்" என்றாள் அவள். "எனக்கும் தெரியணும்."

*

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறை ஒரு பெரிய பெட்டி மாதிரி இருந்தது. தடித்த கதவு, சுவரெல்லாம் மெத்தை. உள்ளே அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கதவு மூடியது. அவளுக்குத் தன் மூச்சு கேட்டது. எச்சில் விழுங்கியதுகூட மடமடவென்று கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம், சோதனை செய்யும் பெண் மெஷினில் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் கண்ணாடிக்காரர். உள்ளே மனைவி பட்டனைப் பிடித்தபடி, பரீட்சையில் ஒன்றுமே எழுத வராத பிள்ளையின் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பட்டன் அழுந்துவதாகக் காணோம். எப்போதாவது ஒரு முறை, அதுவும் சந்தேகத்தோடு.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்று அவர் குனிந்தார். "நம்பாதீங்க. இவளுக்குக் கேக்கும். பிரஸ்ல மெஷின் ஓடும்போது பின்னாடி பேசறதெல்லாம் கேக்குது. நானே கண்ணால பார்த்தேன்."

அந்தப் பெண்ணின் கை நின்றது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"வீட்ல மெதுவா பேசுவாங்களா, சத்தமா பேசுவாங்களா?"

"முணுமுணுப்பா. அதான் சொல்றேன், காது கேக்காதவங்க அப்படியா பேசுவாங்க?"

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சின்னதாக ஒரு கட்டையைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து, தலையைச் சுற்றி வில் போட்டு இறுக்கினாள். வெளியே வந்து மறுபடி திருகினாள்.

பட்டன் அழுந்தியதற்கு அடையாளமாக மெஷினில் விளக்கு எரிந்தது. மறுபடி எரிந்தது. இன்னும் குறைத்தாள், எரிந்தது. உள்ளே இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"இதுதான் நான் சொன்னது! பார்த்தீங்களா, கேக்குது!" என்றார் கண்ணாடிக்காரர்.

"கேக்குது சார். எலும்பு வழியா. காத்து வழியாத்தான் போக மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண். "டாக்டரைப் பாருங்க."

டாக்டர் வெகு சாதாரணமாகச் சொன்னார். இந்த வீட்டில் விழுந்த இடிக்கு அந்தச் சாதாரணம் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"காதுக்குள்ள அரிசியில பாதி அளவுக்கு ஒரு எலும்பு இருக்கு. அங்கவடி எலும்புன்னு சொல்லுவாங்க. அது ஆடினாத்தான் சத்தம் உள்ள போகும். இவங்களுக்கு ரெண்டு பக்கமும் அது இறுகிப்போச்சு. உள்காது நல்லா இருக்கு."

"அப்ப பிரஸ்ல எப்படி டாக்டர்?"

"மெஷின் ஓடுற இடத்துல நீங்க எப்படிப் பேசுவீங்க? உங்களை அறியாமலே குரலை உயர்த்துவீங்க. எல்லாரும் அப்படித்தான். அந்த இரைச்சல் நமக்குத் தொல்லை. இவங்களுக்கு அதுல முக்கால்வாசி உள்ளேயே வராது. உயர்த்தின குரல் மட்டும் வந்து சேரும். இந்த வியாதிக்காரங்க நிறையப் பேர் சொல்றதுதான், சந்தையில கேக்குது, வீட்ல கேக்கலைன்னு."

"மெதுவா பேசறது?"

"அவங்க குரல் அவங்க மண்டையில பெரிசா கேக்கும். கத்தறோமோன்னு பயந்து குறைச்சுக்குவாங்க."

கண்ணாடிக்காரருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். ஊரில் இருக்கிறவர்கள் கண்ணையெல்லாம் சோதித்து நம்பர் எழுதிக் கொடுக்கிற ஆசாமி, ஒரே கூரைக்குக் கீழே இருந்த காதைச் சோதிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் அந்த நேரத்து முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் திட்டியிருக்க மாட்டீர்கள்.

ஆபரேஷன் செய்யலாம், அந்த எலும்பை எடுத்துவிட்டு மாற்று வைக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கும், வெகு சிலருக்கு அந்தக் காது ஒரேயடியாகப் போய்விடுவதும் உண்டு என்றார் டாக்டர். இல்லையென்றால் காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளலாம். யோசித்துச் சொல்லுங்கள்.

"இது சில குடும்பங்கள்ல வழிவழியா வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது காது மந்தம் உண்டா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அவள்.

*

காரில் அவர் என்னவோ சொன்னார். அவள் முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நான்கு சன்னல்களையும் இறக்கிவிட்டார்.

ரோட்டு இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது.

"என் மேல தப்பு! உன்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன்!"

"கேக்குதுங்க" என்றாள் அவள், திரும்பி. "ஒரே தடவையில கேக்குது."

அவருக்குக் கண் கலங்கியது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு என்ன? சீட்டில் சாய்ந்துகொண்டாள். லாரி பக்கத்திலேயே வந்தது. அதன் அதிர்வு கதவில் வைத்திருந்த முழங்கையில் ஏறியது. இந்த அதிர்வு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இப்படி அதிர்ந்துகொண்டே இருக்கும் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒருவரோடு பேசியிருக்கிறாள், நிறையப் பேசியிருக்கிறாள்.

அப்பா பஸ் டிரைவர். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி. சூடாக இருக்கும் என்று மேலே துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார் அப்பா. லீவு நாட்களில் போகவும் வரவும் அவள் அங்கேதான். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே அவள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். விடுகதை போடுவார். பின் சீட்டில் யாராவது தும்மினால், "நல்லாயிருங்க!" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பார், பஸ்ஸே சிரிக்கும். அதே அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அவ்வளவுதான். அவள் பின்னாலேயே போய் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"நிறுத்துங்க!"

ஓரமாக நிறுத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். எங்க அப்பா இருக்காருங்க. எங்க அப்பா!"

*

டீச்சரம்மா இஸ்திரி போட்டுக்கொண்டேதான் இருந்தார். இருவரும் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து, "என்ன, ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?" என்றார்.

"அத்தை, தப்பு என் மேல" என்றார் மாப்பிள்ளை. "இவளுக்குக் காதுல நிஜமாவே கோளாறு இருக்கு."

"அங்கவடி எலும்பு இறுகிப்போச்சாம்மா" என்றாள் மகள்.

"சுத்தி, பட்டடை, அங்கவடி" என்றது டீச்சரம்மாவின் வாய், தன்னால். வருஷா வருஷம் வகுப்பே சேர்ந்து பாடிய மூன்று எலும்புகள். "அதுக்கு என்ன இப்ப?"

"அமைதியான இடத்துல கேக்காது. இரைச்சல்ல கேக்கும். மெஷின் ஓடினா கேக்கும். என்ஜின் ஓடினா கேக்கும்."

டீச்சரம்மா மகளைப் பார்த்தார்.

"நீ சொன்னியே, அப்பன் புத்தின்னு. வந்தது அப்பா புத்தி இல்லம்மா. அப்பா காது."

"சும்மா இரு" என்றார் டீச்சரம்மா. "அவருக்கென்ன, பஸ்ல ஊர் முழுக்கப் பேசிட்டு, சிரிச்சிட்டு..."

அங்கேயே நின்றுவிட்டார். காலையில் மாப்பிள்ளையும் இதே மாதிரிதான் சொன்னார். இவரும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார்.

"நான் அவர்கிட்ட சொன்னேனே" என்றார் மெல்ல. "கிளம்பற அன்னிக்கு. வாசப்படியில உக்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டிருந்தார். நான் பெட்டியோட பின்னாடி நிக்கறேன். 'பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்' அப்படின்னேன். அவர் திரும்பலை. பாலிஷ் போட்டுட்டே இருந்தார். நான் எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? அவர் மாட்டுக்கு டியூட்டிக்கு எழுந்து போனார்."

கருகிய நாற்றம் வந்தது. டீச்சரம்மாவின் கை இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே அழுத்திப் பிடித்திருந்தது. கண்ணாடிக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். முதுகில் முக்கோணமாக வெந்துபோன தன் சட்டையை அவர் பார்க்கக்கூட இல்லை.

"வருஷா வருஷம் போர்டுல காது படம் போட்டவ நான்" என்றார் டீச்சரம்மா. "கலர் சாக்பீஸ்ல. பாகம் குறிச்சு."

"அத்தை, இன்னொண்ணும் சொல்லிடறேன். திட்டுங்க, பரவாயில்லை. மாமா என் கடைக்கு வந்திருக்கார். கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சம்பந்தமில்லாம தலையை ஆட்டினார். திமிர்னு நானும் நினைச்சேன்."

டீச்சரம்மா திட்டவில்லை. செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, கண் எதிரில் இருந்த இன்னொன்று அவர் பார்வைக்குத் தட்டுப்படவே இல்லை. மகள்தான் எடுத்துக் காலடியில் போட்டாள்.

*

டிரைவர் குடியிருப்பது ஒரு லேத் பட்டறையின் மாடியில். ஓய்வு பெற்ற மனுஷன் இத்தனை வீடு இருக்க, காலையிலிருந்து இரும்பைச் சீவிக்கொண்டிருக்கிற இடத்துக்கு மேலே போய் ஏன் குடியிருக்கிறார் என்று இந்தத் தொடரில் நானே ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறேன். திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

அவர்கள் போன நேரம் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை. மெஷின்கள் நின்றிருந்தன. பட்டறைக்காரர் மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டீச்சரம்மா.

அவர் அசையவில்லை.

பட்டறைக்காரர் கையைக் காட்டினார். டிரைவர் திரும்பினார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னாரோ, ஒருவர் காதிலும் விழவில்லை.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார் டீச்சரம்மா. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் முகம் இறுகியது. புருவம் நெரிந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, பார்வை எங்கேயோ நிலைகுத்தியது. டீச்சரம்மா ஒரு அடி பின்னால் வைத்தார்.

"பாரு. அதே மூஞ்சி" என்றார் மகளிடம். குரல் உடைந்திருந்தது. "இதைப் பார்த்துட்டுத்தான்டி நான் வந்தேன்."

"அது கோவம் இல்லம்மா. கேக்கப் பார்க்கறார்" என்றாள் மகள். அந்த முகத்தை அவள் இன்று காலையில்தான், சோதனை அறைக் கண்ணாடிச் சன்னலில், தன் முகமாகப் பார்த்திருந்தாள். பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த மெஷினைக் கொஞ்சம் ஓட விடுங்களேன்."

"சாப்பாட்டு நேரம்மா. என்ன வேலை, சொல்லுங்க."

"வேலை ஒண்ணும் இல்ல. சும்மா ஓடட்டும்."

அவர் ஒருமாதிரி பார்த்தார். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைத் தட்டினார். லேத் முனகியது, வேகம் எடுத்தது, பட்டறை முழுவதும் கிர்ரென்று நிறைந்தது. டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

டிரைவரின் முகம் அவிழ்ந்தது. நெரிந்திருந்த புருவம் இறங்கியது. மகளுக்குத் தெரிந்த பஸ் முகம்.

"வாங்க டீச்சர்" என்றார். அவர் எப்போதுமே அப்படித்தான் கூப்பிடுவார். "என்ன, வழி தவறி வந்துட்டீங்களா?"

டீச்சரம்மா கையைக் காதிலிருந்து எடுத்தார்.

"நான் பேசறது கேக்குதா?"

"இப்ப கேக்குது."

"வீட்ல இருந்தப்ப?"

"வீட்ல எங்க பேசினீங்க?" என்றார் அவர். கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "நீயும் பொண்ணும் எனக்குக் கேக்கக்கூடாதுன்னு குசுகுசுன்னு பேசிக்குவீங்க. நான் வந்தா வாய் மட்டும் அசையும். சரி, நம்மளைப் பிடிக்கலை போலிருக்குன்னு நானும் ஒதுங்கிட்டேன்."

"காதுலதான் கோளாறுன்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

"எப்படித் தோணும்? பஸ்ல பின் சீட்டுல குழந்தை அழுதாக்கூட எனக்குக் கேக்கும். ரிட்டயராகி வீட்ல உக்கார்ந்த அப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள யார்கிட்ட போய்ச் சொல்ல?"

மகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார், உள்ளே வர அவருக்கு முகம் இல்லை. ஆபரேஷனுக்குச் சரி என்பதா வேண்டாம் என்பதா, கடை மாடிக்குப் போய்விடுவேன் என்ற மனுஷனை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா, இரண்டுக்கும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

டீச்சரம்மா கணவருக்குப் பக்கத்தில் வந்தார். இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அன்னிக்கு நான் கிளம்பும்போது ஏன் ஒரு வார்த்தை பேசலை நீங்க? நான் அவ்வளவு சொல்லியும்?"

டிரைவர் அவரையே பார்த்தார். நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"எப்ப சொன்னே?"

டீச்சரம்மா லேத்தின் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷூ பாலிஷ் போட்டுட்டிருந்தீங்களே. பின்னாடி நின்னு சொன்னேனே!"

"டியூட்டி முடிஞ்சு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியேன்னுதான் இத்தனை வருஷமா நான்..." அவர் நிறுத்தினார். முகம் வெளிறியது. "சொல்லிட்டா போனே?"

டீச்சரம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"என்ன சொன்னே?"

இத்தனை வருடங்களாக மனசுக்குள் தினமும் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஒரு எழுத்து மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடமே நடுங்கிய அந்தக் குரல் இப்போது தொண்டையை விட்டு வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

பட்டறைக்காரர் மெஷினை நிறுத்தச் சுவிட்சுப் பக்கம் போனார். டிரைவர் கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"சத்தமா சொல்லு டீச்சர்" என்றார். "இது ஓடற வரைக்கும் எனக்குக் கேக்கும்."